பதினோரு நிமிடம்

காலை ஏழே முக்காலிலிருந்து, சீட்டு கொடுக்கக் கொடுக்க, காவலாளி கட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். நாற்பது நாற்பதாக ரப்பர் பேண்டு போட்ட ஓ.பி. சீட்டுகள். வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்து அவரே வாங்கி அடுக்கியவை. சில சீட்டுகள் ஈரமாக இருக்கும். சிலவற்றில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒன்றிரண்டில் என்னவென்று சொல்ல முடியாத மஞ்சள் கறை. அவள் மைப்பெட்டியைத் திறந்து, ரப்பர் முத்திரையில் மணியைத் திருப்பி வைத்துக்கொண்டு குத்தத் தொடங்குவாள். 'முதல் சந்திப்பு', கீழே நேரம். ஒரு சீட்டுக்கு ஒரு நொடி. பெயரைப் படிக்க வேண்டியதில்லை, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முகங்கள் எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில் இருந்தன.

இருபத்திரண்டு வருட நர்ஸ் சர்வீஸில் அவள் கற்ற வேலைகளிலேயே இதுதான் சுலபமானது. இதை முடித்தபின்தான் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சீட்டு வாங்கிய நோயாளி மருத்துவப் பணியாளர் ஒருவரைச் சந்திக்கப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. நல்ல உத்தரவு. எட்டு நர்ஸுகள் இருக்க வேண்டிய இடத்தில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். அந்த நால்வரில் ஒருத்தி பிரசவ விடுப்பில் போய் அப்படியே வேலையை விட்டாள். இன்னொருத்தி மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் வரவில்லை. கண்காணிப்பாளர் கெட்டிக்காரர். உத்தரவை மூன்று தரம் படித்துவிட்டு அதிலிருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார். நர்ஸும் மருத்துவப் பணியாளர்தானே? சீட்டு நர்ஸின் கைக்கு வந்துவிட்டால் நோயாளியே வந்த மாதிரிதானே? மறுநாளே முத்திரைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

அப்புறம் கூடத்தில் சிவப்பு எழுத்து ஓடும் பலகை ஒன்று வந்தது. 'இன்றைய சராசரிக் காத்திருப்பு: 11 நிமிடம்.' அதற்குக் கீழே பெஞ்சுகளிலும் தரையிலும் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பலகை வந்த புதிதில், கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு கொத்தனார் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது நாம காத்திருக்கற நேரம் இல்லப்பா. டாக்டர் நமக்காகக் காத்திருக்கற நேரம்" என்றாராம். கூடமே சிரித்ததாகக் காவலாளி வந்து சொன்னார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பின்னால் பலமுறை நினைத்து, வாயில் ஏதோ கெட்டுப்போனதை வைத்துக்கொண்ட மாதிரி உணர்ந்திருக்கிறாள்.

எட்டரைக்குள் முத்திரை வேலை முடிந்துவிடும். பிறகு அவள் வார்டுக்கு ஓட வேண்டும். அறுபத்திரண்டு படுக்கைக்கு இரண்டு நர்ஸுகள். வண்டி தள்ளும் ஆளும் இல்லாததால் ஸ்ட்ரெச்சரையும் அவர்களே தள்ளினார்கள். கூடத்தில் இருப்பவர்கள் அதன்பின் யாரைப் பார்த்தார்கள், பார்த்தார்களா என்பது அவளுக்குத் தெரியாது. அறுவைப் பிரிவில் ஒரே ஒரு சர்ஜன். பதினொரு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் திரும்பி வரும்போது ஒரு மணி தாண்டிவிடும். ஒரு மணிக்கு ஓ.பி. ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். மீந்தவர்கள் நாளைக்கு வரலாம், புதுச் சீட்டோடு. புதுச் சீட்டுக்குப் புது முத்திரை. அந்தக் கணக்கில் அந்த ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர் என்று ஒருவருமே கிடையாது.

வலது கட்டைவிரல் நகத்தடியில் ஊதா மை ஏறி நின்றுவிட்டது. எந்த சோப்புக்கும் போகவில்லை. சாப்பிடும்போது அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்ளப் பழகியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். வழக்கமான பேச்சுகளுக்கு நடுவே, அத்தானுக்குக் காலில் செருப்புக் கடித்துப் புண்ணாகிவிட்டது என்றாள். சர்க்கரை இருக்கிற உடம்பாயிற்றே, காட்டினாரா என்று இவள் கேட்டாள். உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் போன வாரம் முழுக்க, திங்களிலிருந்து வெள்ளிவரைக்கும் போனார், டாக்டர் பார்த்துவிட்டாராம் என்றாள் அக்கா.

"நீ கேட்டியா, அவர் சொன்னாரா?"

"அவர் சொன்னார். நானும் சீட்டைப் பாத்தேன்டி. முத்திரையெல்லாம் போட்டிருக்கு."

"முத்திரை இருக்கா? அப்ப சரி."

அப்ப சரி. அந்த முத்திரைக்கு என்ன மதிப்பு என்று உலகத்தில் எவரையும்விட நன்றாகத் தெரிந்த ஆள் அவள்தான். வெளியே யாராவது சொல்லியிருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பாள். ஆனால் அக்காவின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது, வட்டமாக, நேராக, நேரம் போட்ட அந்த ஊதா நிறம் மனக்கண்ணில் வந்து நின்றது. நெஞ்சு லேசாயிற்று. போனை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மாலை அக்காவிடமிருந்து மறுபடி போன் வந்தது. வீட்டில் ஏதோ நாற்றம், எலி செத்துக்கிடக்கிறது போலிருக்கிறது, பீரோவை நகர்த்த ஒரு கை கொடுக்க வருகிறாயா என்று கேட்டாள். அத்தானுக்கு லேசான காய்ச்சல், இரண்டு நாளாகப் படுத்தே இருக்கிறார், அவரால் தூக்க முடியாது என்றாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எலியின் நாற்றம் வேறு. இது தித்திப்பு கலந்தது. வார்டில் ஒரு படுக்கையைக் கடக்கும்போது இந்த வாசம் வந்தால் கட்டுத்துணியை அவிழ்க்காமலே சர்ஜனைக் கூப்பிடுவார்கள். வீட்டில் பீரோ ஒருபுறம் நகர்ந்து கிடந்தது. கட்டிலடியில் இருந்ததையெல்லாம் அக்கா வெளியே இழுத்துப் போட்டிருந்தாள். பெட்டிகள், பழைய பாய், ஒற்றைச் செருப்பு. தரையெல்லாம் பினாயில். இத்தனைக்கும் நடுவில் அத்தான் கட்டிலில், காலைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார்.

இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய மனிதர். கொழுந்தியாளைக் கிண்டல் பண்ணாமல் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்காது. இவள் கட்டில் பக்கத்தில் வந்து நின்றதும், "நர்ஸம்மா வீட்டுக்கே வந்துட்டாங்க. சீட்டு வாங்கணுமா, இல்ல அப்படியே பாப்பீங்களா?" என்றார். உதடு வறண்டிருந்தது.

அவள் போர்வையை விலக்கினாள். வலது கால். வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். துணி ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் விட்டு விட்டுப் பிரித்தாள். சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் கறுத்திருந்தன. கறுப்பு, பாதத்தின் ஓரமாக மேலே ஏறத் தொடங்கியிருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. புண் இவளுக்குப் புதிதில்லை. இதைவிட மோசமானதை வெறுங்கையால் தொட்டிருக்கிறாள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அவர் தலையணைக்கடியில் கையைவிட்டு ஐந்து சீட்டுகளை எடுத்தார். டிக்கெட் கட்டு மாதிரி ஓரம் ஒழுங்காக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஐந்திலும் ஒரே இடத்தில், கோணாமல் விழுந்திருந்த ஊதா வட்டம். 8.06. 8.11. 8.09. டாக்டர் எழுத வேண்டிய இடம் ஐந்திலும் வெள்ளையாக இருந்தது.

"ஏன் கொழுந்தியா," என்றார் அத்தான், "அஞ்சு தடவ டிக்கெட் குத்தினியே. பஸ் எங்க?"

அது கிண்டல்தான். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதனால்தான் அவளால் நிமிர முடியவில்லை.

மெல்ல மெல்லக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் ஐந்து மணிக்குப் போயிருக்கிறார். ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்தும்வரை பெஞ்சில் இருந்திருக்கிறார். அக்கா நச்சரிப்பாள் என்று, பார்த்தாயிற்று என்று சொல்லி முத்திரையைக் காட்டியிருக்கிறார். இவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லத்தான் வந்தாராம். இரண்டாம் நாள் தாழ்வாரத்தில் இவள் ஒருத்தியாக ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார். தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாராம். அதுவும் போக, வரிசையில் நிற்காமல் டிரைவர் பக்கத்துக் கதவால் ஏறுகிற ஆளை வாழ்நாள் முழுக்க இறக்கிவிட்டவர், தான் மட்டும் அந்த வழியாக எப்படி ஏறுவது என்று கேட்டார்.

அவள் புதுக் கட்டுப் போட்டாள். முடிந்ததும் அவர் தன் காலையே பார்த்தபடி கேட்டார்.

"பிரேக் மிதிக்கற காலு. இருக்குமா?"

இருக்கும் என்று அவள் சொல்லவில்லை. காலையில் போகலாம், நான் வண்டி கொண்டுவருகிறேன் என்றாள்.

புதன்கிழமை காலை முத்திரை மேஜையில் வார்டின் இன்னொரு நர்ஸான சின்ன சிஸ்டரை உட்கார வைத்துவிட்டு அத்தானை நேராக சர்ஜனிடம் கொண்டுபோனாள். டிரைவர் பக்கத்துக் கதவு வழியாகத்தான். அவர் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கூடத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு பொம்பளை, "ஆள் தெரிஞ்சா எல்லாம் நடக்கும்" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

சர்ஜன் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, கணுக்காலில் விரல் வைத்து நாடி தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இங்கே செய்வதென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் அடைத்த ரத்தக்குழாயைத் திறக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே போனால் விரல்களோடு நின்றுவிடும், பாதம் தப்பும். ஆனால் நாளை மாலைக்குள் போக வேண்டும். அங்கே வழக்கமான வரிசையில் பதிந்தால் ஐந்து வாரம்.

தாமதச் சீட்டு என்று ஒன்று இருந்தது. கீழ் ஆஸ்பத்திரியில் மூன்று நாளுக்குமேல் யாரும் கவனிக்காமல் காத்திருந்த நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரி அதே நாளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி. அந்தச் சீட்டைப் பதிவறைக் கிளார்க் கணினியிலிருந்து எடுத்துத் தருவார். அவள் ஐந்து சீட்டுகளோடு அவரிடம் போனாள். கிளார்க் எண்களைத் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"காத்திருந்ததா வரலையே சிஸ்டர். அஞ்சு நாளும் பத்து, பதினோரு நிமிஷத்துல பாத்திருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்கதான் பாத்திருக்கீங்க."

திரையில் அவளுடைய பணி எண் ஐந்து முறை கீழே கீழே நின்றது.

இதற்கு என்ன வழி என்று கேட்டாள். கிளார்க் தயங்கினார். முத்திரை தப்பாக விழுந்திருந்தால் குத்தியவரே சீட்டில் திருத்தி, காரணம் எழுதி, கையெழுத்துப் போடலாம். நேரம் மாறிப்போனதற்காக வைத்த விதி. இதுவரை அதை யாரும் பயன்படுத்தியதில்லை. எழுதினால் எழுதியதை அப்படியே ஏற்றிவிட வேண்டியது அவர் வேலை. ஆனால் பெரியவரைக் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது என்றார்.

பெரியவர் என்றால் கண்காணிப்பாளர். அவர் அறை மட்டும் குளிர்ந்திருந்தது, நன்றாக மணத்தது. மேஜையில் கை கழுவும் திரவம் ஒரு புட்டி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை உள்ளங்கையில் பிதுக்கித் தேய்த்துக்கொள்வது அவர் பழக்கம். வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது என்று அவளுக்கு ஞாபகப்படுத்தினார். நாட்டிலேயே குறைந்த காத்திருப்பு நேரம் உள்ள ஆஸ்பத்திரிகளில் இதுவும் ஒன்று என்று சான்றிதழ் வரப்போகிறது. அந்த நேரத்தில் இப்படி ஒரு திருத்தம் போனால் அது ஐந்து சீட்டோடு நிற்குமா? மீதிச் சீட்டுகளில் இருப்பது என்ன என்று கேட்க மாட்டார்களா? இரண்டு வருடமாகக் குத்தியது யார் கை?

பிறகு அவர் முன்னால் சாய்ந்து, அன்பாகவே பேசினார்.

"உங்க அத்தான்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? நம்ம ஆளு அங்க இருக்கார். வெள்ளிக்கிழமை முடியட்டும், திங்கட்கிழமை நானே போன் போட்டு உள்ள அனுப்பறேன். எதுக்கு எழுத்து, கிழுத்தெல்லாம்."

நாளை மாலைக்குள் போக வேண்டும் என்று சர்ஜன் சொன்னதை அவள் சொன்னாள். அவர் உதட்டைக் குவித்துக்கொண்டார். சர்ஜன்கள் எப்போதுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்றார். புட்டியைப் பிதுக்கினார். கையைத் தேய்த்தார். எலுமிச்சை வாசனை அவள் மூக்கில் ஏறியது.

சுவரில் அழகாகச் சட்டம் போட்ட ஒரு வரைபடம் இருந்தது. காத்திருப்பு நேரம் நூற்று எண்பது நிமிடத்திலிருந்து சரிந்து சரிந்து பதினொன்றில் வந்து படுத்திருந்தது. அந்தக் கோட்டில் அவள் கை இருந்தது. ஒவ்வொரு புள்ளியிலும் இருந்தது. நேற்று மாலை அக்கா வீட்டு வாசலில் வந்த அதே வாசம், எலுமிச்சையையும் மீறி, இங்கே இந்தக் குளிரில் அவளுக்கு அடித்தது. தன் கட்டைவிரலிலிருந்துதான் வருகிறதோ என்று ஒரு கணம் தோன்றி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

கண்காணிப்பாளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "போய் வேலையைப் பாருங்கம்மா" என்றார்.

அவள் பதிவறைக்குப் போனாள். கிளார்க்கின் பேனாவை வாங்கி, நின்றபடியே எழுதினாள். 'இந்த முத்திரை என்னால் குத்தப்பட்டது. அந்த நேரத்தில் நான் இந்த நோயாளியைச் சந்திக்கவில்லை. அன்று ஒரு மணிவரை இவரை யாரும் கவனிக்கவில்லை.' கையெழுத்து, பணி எண். முதல் சீட்டில் எழுதும்போது எழுத்து கோணலாக வந்தது. மூன்றாவதில் நேரானது. ஐந்தாவதை எழுதும்போது, இதுவும் ஒரு முத்திரை மாதிரி பழகிக்கொண்டு வருகிறதே என்று நினைத்தாள். கிளார்க் அதை அப்படியே கணினியில் ஏற்றினார். பிரிண்டர் வெகுநேரம் முனகிவிட்டு ஒரு தாளைத் தள்ளியது.

சாயங்காலம் நான்கு மணிக்கு அத்தான் ஆம்புலன்ஸில் போனார். ஏற்றும்போது டிரைவர் யார் என்று தலையைத் தூக்கிப் பார்த்தார். சின்னப் பையனாக இருக்கிறான், கிளட்சைப் போட்டு மிதிக்காமல் இருந்தால் சரி என்று முணுமுணுத்தார்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தங்கியது. இனிப் பஸ் ஓட்டலாமா என்று டிப்போவின் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். அதற்கும் ஒரு வரிசை இருந்தது. அக்கா போனில் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு மறுபடி அழுதாள். "உன் கையால குத்தினதாமே" என்று ஒருமுறைதான் சொன்னாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

கண்காணிப்பாளர் கத்தவில்லை. வியாழக்கிழமை கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். அவளுடைய தற்காலிகப் பணிநீக்க உத்தரவு. தட்டச்சு செய்து, கையெழுத்தும் போட்டாயிற்று. தேதி மட்டும் போடவில்லை. படித்துப் பார்க்கச் சொல்லித் திரும்ப வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"உங்க இடத்துக்கு ஆள் வரட்டும். வந்ததும் தேதி போட்டுக் குடுக்கறேன். அதுவரைக்கும் யாரு இருக்கா? நாளைக்கு ஏழே முக்காலுக்கு வந்துருங்க."

தண்டனை கொடுக்கக்கூட ஆள் பற்றாத இடம். அவள் வெளியே வந்து, தாழ்வாரத்துக் கழுவு தொட்டியில் குனிந்து வெறும் எச்சிலைத் துப்பினாள். வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வந்தது. பலகையைப் பார்த்தார்கள், வரைபடத்தைப் பார்த்தார்கள், தேநீர் குடித்தார்கள். ஐந்து சீட்டுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் சான்றிதழ் சட்டம் போட்டு வந்து, வரைபடத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

அது தொங்கிய மறுநாள் காலை. ஏழே முக்கால். காவலாளி கட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். முதுகுக்குப் பின்னால் கையில் இன்னொன்று வைத்திருந்தார், ஒரு பழைய துணிப்பை. அதை மேஜைமேல் கவிழ்த்தார்.

எல்லாம் சீட்டுகள். பழையவை. நூலால் கட்டியவை, ஊசி குத்திக் கோத்தவை, பிளாஸ்டிக் உறையில் மடித்தவை, மடியிலேயே கிடந்து துணி மாதிரி ஆனவை. ஆளுக்கு நான்கு, ஏழு, பதினொன்று. எவரும் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. ஊதா வட்டம் விழுந்த தாளைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது.

பஸ் டிரைவருக்கு எழுதிக் கொடுத்தது ஊரெல்லாம் தெரிந்துவிட்டது என்றார் காவலாளி. அவரேதான் பெரிய ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து பக்கத்துப் படுக்கைக்காரனுக்குச் சொல்லியிருக்கிறார், அவன் இன்னொருத்தனுக்கு. "எல்லாருக்கும் அந்த எழுத்து வேணுமாம் சிஸ்டர். நான் என்னன்னு சொல்ல?"

அவள் ஒன்றை எடுத்தாள். யாரோ ஒரு பெண். வயது அறுபத்தொன்று. ஒன்பது சீட்டுகள். ஒன்பதிலும் வட்டம் நேராக, மை பிசகாமல், நடுவில் விழுந்திருந்தது. அவளுடைய கை எப்போதும் சுத்தமான கை. அடுத்ததை எடுத்தாள். அதிலும் அப்படியே. குவியலின் அடியிலிருந்து மெல்ல ஒரு வாசம் வந்தது. எந்தச் சீட்டிலிருந்து என்று தெரியவில்லை. தித்திப்பு கலந்தது.

அவள் எழுந்தாள். முத்திரையை மைப்பெட்டியில் போட்டு மூடினாள். பேனாவை எடுத்துக்கொண்டு, இரண்டு வருடத்தில் முதல்முறையாக முத்திரை நேரத்தில் கதவைத் திறந்து கூடத்துக்குள் போனாள். காற்று அடைத்துப்போய்க் கனமாக இருந்தது. பலகையில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. இருநூறு முகங்கள் அவள் பக்கம் திரும்பின. முதல் பெஞ்சில், காலைத் துணியால் சுற்றித் தள்ளி நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆள் அவசரமாகக் காலை மடக்கப் பார்த்தார்.

"மடக்காதீங்க, அப்படியே வையுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். துணியின் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.